குரூஜ் நிஹாயி

வளைகுடா நாடுகளில் உழைத்து ஓய்வு பெறுகிறவன் கையில் கடைசியாக வந்துசேரும் தாளுக்குக் 'குரூஜ் நிஹாயி' என்று பெயர். இறுதி வெளியேற்றம் என்பது அதன் பொருள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது கொடுக்கப்படுவது வேறு; அது போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி. தொழிலாளர் முகாம்களில் இந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில்தான் ஆயுள் கழிகிறது. அமெரிக்காவிலோ கனடாவிலோ பணி ஓய்வு பெறும் தமிழருக்கு, அங்கேயே இருந்துவிடுவதா ஊர் திரும்புவதா என்றொரு மன ஊசலாட்டம் இருக்கும். அதைப் பற்றி நம் மொழியில் கதைகளும் கட்டுரைகளும் போதுமான அளவு வந்துவிட்டன. எங்களைப் போன்ற தொழிலாளிகளுக்கு அந்த ஊசலாட்டத்துக்கு வழியில்லை. வேலை முடிந்தால் 'இக்காமா' என்ற தங்கும் அட்டை முடிகிறது. அட்டை முடிந்தால் விமானம் ஏற வேண்டும். முப்பது ஆண்டு உழைத்தவனுக்கும் முந்தாநாள் வந்தவனுக்கும் விதி ஒன்றே.

நான் 1985-இல் சவுதி அரேபியாவின் ஜுபைலுக்குப் போனேன். 2014-இல் திரும்பினேன். போகும்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைய அம்பத்தூரின் பெருமை அதன் ஆலைச் சங்குகள். டி.ஐ. சைக்கிள், டன்லப் என்று பெயர் சொன்னாலே பெண் கொடுப்பார்கள். எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்களுக்கு அந்த மரியாதை கிடையாது. ஜுபைலோ, மீன்பிடி ஊராக இருந்து, 1975-இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்ட பிறகு பாலைவனத்தில் தொழில்நகரமாக எழுந்துகொண்டிருந்த இடம். ஆக, ஒரு தொழிற்பேட்டையிலிருந்து இன்னொரு தொழிற்பேட்டைக்குப் போனேன் என்பதுதான் உண்மை. ஒட்டகமும் பேரீச்சையும் நான் அதிகம் பார்த்தது நாட்காட்டிகளில்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சவுதித் தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு ஒருமாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு இருபத்தாறரை மாதச் சம்பளம் வந்தது. ஓய்வூதியம் கிடையாது. அதுவும், அம்பத்தூரில் ஒரு வீடும், சற்று உயர்ந்த ரத்த அழுத்தமும் என் மொத்தச் சம்பாத்தியம்.

அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பூசலார் நினைவுக்கு வருகிறார். அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் ஆவடி, இந்துக் கல்லூரி தாண்டினால் திருநின்றவூர். கோயில் கட்டக் காசில்லாத பூசலார் அங்கே அமர்ந்து, மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் பார்த்து, அடித்தளமிட்டு, சிகரம் வைத்து, குளமும் தோண்டி முடித்தார் என்கிறது பெரியபுராணம். காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர் கோனின் கனவில் இறைவன் வந்து, குடமுழுக்கை வேறு நாளைக்கு மாற்றிவைத்துக்கொள், அதே நாளில் நின்றவூர் அன்பனின் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றாராம். மன்னன் தேடி வந்து பார்த்தால் ஊரில் அப்படியொரு கோயிலே இல்லை. இன்று அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. வளைகுடாக்காரர்கள் அத்தனை பேரும் பூசலார்கள்தான். பன்னிரண்டு பேர் படுக்கும் தகரக் கூண்டில், அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் கிடந்தபடி, வாசற்படி எந்தத் திசையில் வைப்பது என்று நான் ஏழு ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். ஆனால் பூசலார் கதையில் இல்லாத ஒருவர் எங்கள் கதையில் உண்டு. மனத்தில் கட்டியதை மண்ணில் கட்டியவர். கொத்தனாருடன் மல்லுக்கு நின்றவர். மணல் லாரிக்காகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் காத்துக் கிடந்தவர். என் வீட்டை என் மனைவி கட்டினாள். நான் அதன் புகைப்படங்களைப் பார்த்தேன்.

நான் எழுதிய கடித உறைகளைக் கட்டுக்கட்டாக அவள் வைத்திருக்கிறாள். அவற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு வேடிக்கை தெரியும். வீடு நகரவில்லை, முகவரி மட்டும் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. முதலில் செங்கல்பட்டு மாவட்டம். பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். 2011-இல் அம்பத்தூர் நகராட்சி மறைந்து சென்னை மாநகராட்சியில் கலந்தது. நான் திரும்பி வந்த பிறகு, 2018-இல், வட்டமும் சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. 600053 என்ற அஞ்சல் எண்ணைத் தவிர எதையும் நம்ப முடியவில்லை.

திரும்பி வந்தவனுக்கு முதல் ஆறு மாதம் ஊர் உபசாரம் செய்கிறது. அதற்குப் பிறகு ஒரு கேள்வியைக் கேட்கிறது. "எப்ப திரும்பப் போறீங்க?" மளிகைக் கடைக்காரர், முடிதிருத்துபவர், கோயில் குருக்கள் எல்லாரும் அன்போடுதான் கேட்டார்கள். அங்கே நான் இருந்த இருபத்தொன்பது ஆண்டுகளில் இதே கேள்வியை எல்லாரும் ஊர் குறித்துக் கேட்பார்கள். "ஊருக்கு எப்ப?" இங்கே வந்த பிறகும் அது தொடர்ந்தது. வீட்டிலும் நான் ஒருவகை விருந்தாளிதான். எந்த நேரத்தில் குடிநீர் வரும், எந்த அலமாரியில் எது இருக்கும், பக்கத்து வீட்டோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் தெரியாத ஓர் ஆள், காலையில் ஐந்து மணிக்கே எழுந்து, பேருந்து ஹாரனுக்குக் காத்திருப்பவனைப்போல் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்னதான் தோன்றும்? மூன்றாவது மாதம் என் மனைவி சொன்னாள்: "எங்கேயாச்சும் போய்ட்டு வாங்களேன்." கோபத்தில் சொன்னதல்ல. அவளுக்குத் தெரிந்த என் வாழ்க்கை அதுதான், போவதும் வருவதும்.

எங்கே போவது? தாஜ்மகாலை நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசையும் இருக்கவில்லை. ஆனால் இந்தியாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஜுபைலின் அந்தத் தகரக் கூண்டுதான் எனக்கு இந்தியா. மேல்தட்டில் நான், எதிரே மலப்புறத்துக்காரர், கீழே சீவானைச் சேர்ந்த வெல்டர், கதவோரம் சீக்கர் மாவட்டத்துக் கொத்தனார், மூலையில் ஜகித்யாலிலிருந்து வந்த சாரம் கட்டுபவர். ஐந்து மொழி, ஒரு கேஸ் அடுப்பு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது எனக்குப் பத்து வயது; அண்ணன்மார்களின் பின்னால் கோஷம் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்த நான் இந்தி கற்றுக்கொண்டது அரபு நாட்டில், பிகார்க்காரரிடம், அதுவும் பாதி போஜ்புரி கலந்து. நம் இணைப்பு மொழிச் சர்ச்சைகளில் வளைகுடா முகாம்களை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை என்பது எனக்குப் பல காலமாக உள்ள ஆதங்கம்.

அவர்களெல்லாம் எனக்கு முன்னால் ஊர் திரும்பியவர்கள். முகவரிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 2015-இல் அறுபது நிறைந்தது. அப்போது ரயிலில் அறுபது வயது ஆண்களுக்கு 40 சதவீதமும், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். இருந்த ஐந்தாண்டுகளில் அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

முதலில் திரூர். சென்னையிலிருந்து மங்களூர் வண்டியில் ஏறினால் மறுநாள் இறங்கிவிடலாம். எழுத்தச்சன் நினைவாகத் துஞ்சன் பறம்பு இருக்கும் அதே ஊரில் வெளிநாட்டுச் சரக்குகளுக்கென்றே ஒரு சந்தையும் உண்டு. நண்பர் என்னை இரண்டுக்கும் அழைத்துப் போனார். மலையாளிகள் இந்த வாழ்க்கையை எழுத்தாக்கவும் பாட்டாக்கவும் தயங்கியதே இல்லை. எஸ்.ஏ. ஜமீலின் 'துபாய்க் கத்துப் பாட்டு' 1970களின் பிற்பகுதியில் வெளிவந்து மலபார் முழுவதும் ஒலித்தது. கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம் அது. பணம் அனுப்புகிறீர்கள், நான் தனியாக இருக்கிறேன் என்பதை அத்தனை பச்சையாக ஒரு பெண்குரல் சொன்னதில் ஊர் அதிர்ந்தது. பென்யாமினின் 'ஆடு ஜீவிதம்' 2008-இல் வந்து, பின்னர் தமிழிலும் வாசிக்கக் கிடைத்தது. தமிழில் ஆபிதீனின் கதைகள் எனக்கு நெருக்கமானவை. நாகூர்க்காரரின் அந்தக் கசந்த நகைச்சுவைக்குப் பின்னால் இருக்கும் அறையின் வாடை எனக்குத் தெரியும். ஆனால் கீழக்கரையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் இத்தனை பேர் போயிருக்கும்போது, நம்மிடம் இருப்பது குறைவு. திரூர் நண்பரின் மனைவி, சோறு பரிமாறிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டார். இவர் அங்கே சமைப்பாரா? சமைப்பார், நெய்ச்சோறு இவர் முறைநாளில்தான் கிடைக்கும் என்றேன். அவர் கணவனைத் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் அவர் அடுப்படிப் பக்கமே போனதில்லை போலும். நண்பருக்கு என் மேல் கோபம்.

சீக்கரில் இரண்டு நாட்கள்தான் இருந்தேன். கொத்தனார் வயலுக்கு நீர் பாய்ச்சுவதில் மும்முரமாக இருந்தார். ஆனால் அந்த ஷேகாவதிப் பகுதியின் பூட்டிய மாளிகைகளை மறக்க முடியாது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய்ப் பொருளீட்டிய மார்வாடி வணிகர்கள் ஊரில் ஹவேலிகள் கட்டி, சுவரெல்லாம் சித்திரம் தீட்டச் செய்தார்கள். கண்ணன், யானை, ராஜபுத்திர வீரர்கள். அவற்றுக்கு நடுவே ரயில் வண்டி, மோட்டார் கார், ஆகாய விமானம். தாங்கள் போன இடத்து அதிசயங்களை ஊரில் இருப்பவர்களுக்கு வரைந்து காட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு குடும்பங்களும் கிளம்பிப் போய்விட்டன. செட்டிநாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அந்த மாளிகைகளின் நிழலில் இருந்துதான் அடுத்த தலைமுறைக் கொத்தனார்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். மண் மாறாமல் இருக்கிறது. போகும் சாதியும் திசையும் மாறியிருக்கின்றன.

சீவானுக்குப் போவதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம், அங்கே பார்ப்பதற்கு நண்பர் இல்லை. அவர் 2009-இல் ஜுபைலிலேயே இறந்துபோனார்.

அதிகாலை நான்கு மணிக்குப் பேருந்து ஹாரன் அடித்தது. எல்லாரும் எழுந்தோம், கீழ்த்தட்டில் அவர் எழவில்லை. நாற்பத்தாறு வயது. தூக்கத்தில் மாரடைப்பு என்றார்கள். அயல்நாட்டில் ஒருவன் இறந்தால் அவன் உடலும் ஒரு பயணியைப் போலத்தான்; தாள்கள் வேண்டும். மருத்துவமனைச் சான்று, காவல்துறைத் தாள், வீட்டாரின் சம்மதக் கடிதம், இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்யப்பட்ட கடவுச்சீட்டு, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று. ஒவ்வொரு தாளுக்கும் யாரோ ஒருவர் விடுப்பு எடுத்து ஓட வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. பெட்டி பாட்னா விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஊருக்குப் போனது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் கட்டிலுக்கு அடுத்த வாரமே வேறொருவர் வந்துவிட்டார்.

2017-இல் கிளம்பினேன். கேரளத்திலிருந்து சென்னை வழியாகக் கோரக்பூர் செல்லும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். வண்டி முழுக்கத் தெற்கில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் இளைஞர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற மூன்று பேர் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் விட்டுவிட்டுப் போன லேத்துகளில் இப்போது அவர்கள். பட்டரவாக்கத்தில் ஓர் அறையில் எட்டுப் பேர் என்றார்கள். முறைவைத்துச் சமையல். என்னைப் பற்றிக் கேட்டார்கள். நான் அவர்கள் வேலை செய்யும் ஊர்க்காரன் என்றும், இருபத்தொன்பது ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தேன் என்றும் சொன்னபோது ஒருவன் சிரித்தான். "அப்படியானால் நீங்களும் எங்களைப்போலத்தான்."

கோரக்பூரின் நடைமேடை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். உலகிலேயே நீளமானது என்ற பெருமை அப்போது அதற்கு இருந்தது. 2023-இல் ஹூப்ளி அதைப் பறித்துக்கொண்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தவனுக்கு அந்தப் பெருமை புரியும். அங்கிருந்து தேவரியா, பட்னி வழியாகச் சீவான். ராஜேந்திர பிரசாத் பிறந்த ஜீராதேயி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கடைத்தெருவில் நடந்தால் எங்கும் பயண முகவர் அலுவலகங்கள், மருத்துவச் சோதனை விளம்பரங்கள், பணமாற்றுக் கடைகள். ஒரு கணம் அம்பத்தூர் ஓ.டி.யில் 1985-இல் நான் ஏறி இறங்கிய மாடிப்படிகள் நினைவுக்கு வந்தன.

அவர் வீட்டில் மகன் இருந்தான். இருபத்து நான்கு வயது. "சாச்சாஜி" என்று காலைத் தொட்டான். அப்பாவின் சாயல் புருவத்தில் இருந்தது. கத்தாருக்குப் போவதற்குக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டான். உலகக் கோப்பைக் கால்பந்துக்காக மைதானங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி? அவன் அப்பா அனுப்பிய பணத்தில் கட்டிய இரண்டு அறைகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது அறைக்குச் சுவர் இடுப்பளவு நின்றிருந்தது, எட்டு ஆண்டுகளாக.

அந்த அம்மாள் முக்காட்டோடு கதவுக்கு அப்பால் அமர்ந்திருந்தார். முதலில் மகன் வழியாகத்தான் பேசினார். அப்பா அங்கே என்ன சாப்பிடுவார்? எங்கள் அறைக்கு வெளியே குளிர்சாதன எந்திரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும். அந்த நீரைக் குழாய் வைத்துத் திருப்பி, அவர் ஒரு சுரைக்கொடி வளர்த்தார். பாலைவனத்து வெயிலில், தகரச் சுவரில் பற்றிக்கொண்டு அது ஏறியது. காய்த்தால் பன்னிரண்டு பேருக்கும் பங்கு. இதைச் சொன்னதும் உள்ளிருந்து மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது. "லௌக்கியா? இங்கே லௌக்கி வைத்தால் தட்டையே தள்ளுவாரே" என்றார். போஜ்புரியில், என்னை நோக்கி நேராக. மகனுக்கே வியப்பு.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தேநீர் வந்தது. பிறகு அவர் கேட்டார். அதற்காகத்தான் நான் அத்தனை தூரம் வந்திருக்கிறேன் என்பது கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு மாதம் ஆகிவிட்டது, பார்க்க வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்களும் தடுத்துவிட்டார்கள். அப்படியே சரயு நதிக்கரைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். "உள்ளே இருந்தது அவர்தானா?"

எட்டு ஆண்டுகள். பெட்டிகள் மாறிப்போன செய்திகள் அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அது வீண் சந்தேகம் அல்ல. யாரிடம் கேட்பது? நிறுவனத்திடமா, முகவரிடமா? கேட்டால் யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். பிணவறையில் அடையாளம் காட்டக் கூப்பிட்டபோது போனது நான். வலது முன்கையில் வெல்டிங் தீப்பொறி பட்ட தழும்புகள். இடது கைக் கட்டைவிரல் நகம் பிளந்திருக்கும். இரண்டையும் பார்த்தேன். முகத்தையும் பார்த்தேன். அதன் பிறகுதான் தாளில் கையெழுத்துப் போட்டேன். பெட்டியை மூடும்போதும் அங்கே நின்றிருந்தேன், பெட்டியின் மேல் பெயர் ஒட்டும்வரை. இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்குத் தெரிந்த கொச்சை இந்தியில், அவர் கணவரிடமே கற்றுக்கொண்ட சொற்களில். அவர் அழவில்லை. "நகம்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அது அறுவடையில் அரிவாள் பட்டுப் பிளந்தது என்று மகன் சொன்னான். பிறகு அவர் எழுந்து போய்விட்டார். அன்றிரவு சாப்பாட்டில் சுரைக்காய் இருந்தது.

ஊர் திரும்பி நான் இதைப் பற்றி வீட்டில் அதிகம் பேசவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் திருமழிசைக்கு இருவரும் போயிருந்தோம். திருமழிசையாழ்வார் பிறந்த ஊர். அவர் சீடன் கணிகண்ணனைப் பல்லவன் காஞ்சியை விட்டு வெளியேறச் சொல்ல, ஆழ்வாரும் கிளம்ப, அவர் சொற்படி பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்ட கதையைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓரிரவு வெளியே தங்கிவிட்டு, மன்னன் மன்றாடியதால் மூவரும் திரும்பினார்கள். அந்த ஓரிரவு தங்கிய இடம்தான் ஓரிருக்கை. திரும்பி வந்த பெருமாள் முன்பு படுத்திருந்த வாக்கில் படுக்காமல் மாற்றிப் படுத்தார் என்பார்கள். காஞ்சியில் சொன்னவண்ணம் செய்த பெருமாளை இன்றும் அப்படித்தான் சேவிக்கலாம். கோயில் திண்ணையில் உட்கார்ந்து நான் இதைச் சொன்னதும் மனைவி கேட்டாள்: "ஒரு ராத்திரிக்கே அப்படின்னா?" பேருந்தில் திரும்பும்போது, அடுத்த முறை தானும் வருவதாகச் சொன்னாள்.

அப்படித்தான் 2019-இல் ஜகித்யாலுக்கு இருவராகப் போனோம். வாரங்கலில் இறங்கி, கரீம்நகர் வழியாகப் பேருந்து. தெலங்கானாவின் அந்தப் பகுதியில் ஆண்கள் வளைகுடாவில், பெண்கள் பீடி சுற்றுவதில் என்று வாழ்க்கை பல காலமாகப் பிரிந்திருக்கிறது. நண்பரின் வீட்டிலும் மனைவி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தார். ஆயிரம் பீடி சுற்றினால் ஒரு நாள் கூலி. கணவர் அனுப்பிய பணம் முகவரிடம் வாங்கிய கடனுக்கு வட்டியாகப் போன ஆண்டுகளில் அடுப்பெரித்தது இந்த முறம்தான் என்று நண்பரே சொன்னார்.

என் மனைவி பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவள். தெலுங்கு அவளுக்குத் தாய்வீட்டு மொழி. முறத்துக்கு எதிரே அவள் உட்கார்ந்த சிறிது நேரத்தில் இருவரும் எங்களை மறந்துவிட்டார்கள். நாங்கள் வெளித்திண்ணையில் இருந்தோம். நண்பர் பழைய முகாம் கதை ஒன்றை ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, உள்ளே காது கொடுத்தார். நானும் கேட்டேன்.

அவள் கேசட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொலைபேசிக்கு வசதியில்லாத அந்த நாட்களில், ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் ஒலிநாடாவில் பேசிப் பதிவு செய்து கொடுத்தனுப்புவது எல்லாரும் செய்தது. நான் எத்தனையோ இரவுகள் அவற்றைக் கேட்டிருக்கிறேன். அவள் குரல், குழந்தையின் மழலை, பின்னணியில் தண்டவாளத்தில் வண்டி போகும் ஓசை. இடையிடையே திடீரென்று ஒலி அறுந்து சில நொடிகள் ஒன்றும் இராது; பிறகு மறுபடி தொடரும். மட்டமான நாடா என்று நினைத்துக்கொள்வேன். மகனுக்கு மூச்சிரைப்பு இருந்ததாம், மூன்று ஆண்டுகள். இருமல் பதிவாகிவிட்டால் அந்த இடத்துக்குத் திருப்பிக்கொண்டு போய் அழிப்பாளாம். அழித்துவிட்டு, அவன் தூங்கிய பிறகு மீதியைப் பேசி முடிப்பாளாம். மழை இரவொன்றில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கொரட்டூர் வரை மருத்துவரைத் தேடி நடந்ததையும் சொன்னாள். அந்த அம்மாள் இலை வெட்டுவதை நிறுத்திவிட்டு, தன் பங்குக்கு ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

நண்பருக்கு எல்லாம் புரிந்தது. அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தெலுங்குக்குப் பாதிதான் எட்டியது. மறுநாள் வாரங்கலில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் மீதியைக் கேட்டேன். வண்டி கூடூரைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.